பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம்

கோயம்புத்தூரில் நாய்க்குலப் பதிவகம் என்று ஒரு நான்கு மாடிக் கட்டடம் உண்டு. அதன் தரைத்தளத்தில், கழிவறைக்கு அடுத்த அறையில், 'வம்ச வாசிப்பாளர்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன் நான். பெயர் மாசிலாமணி. நாய் வாங்கியவர்கள் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்து விளக்குவேன். தங்கள் நாயின் கொள்ளுத்தாத்தா மூன்று முறை சாம்பியன் என்று கேட்டதும் அவர்கள் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். தங்களுடைய கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அது என் வேலையில்லை என்பதால் கேட்பதில்லை.

முன்பெல்லாம் பட்டம் வாங்க நாய் மைதானத்துக்கு வரவேண்டும். நடக்க வேண்டும், ஓட வேண்டும், நடுவர் வாயைத் திறந்து பல்லை எண்ணும்போது அவரைக் கடிக்காமல் இருக்க வேண்டும். வம்சமானி வந்ததும் இந்தத் தொல்லையெல்லாம் ஒழிந்தது. உள்ளங்கையளவு கருவி. குட்டியின் எச்சிலில் ஒரு துளி வைத்தால் பதினான்கு தலைமுறையையும் ஒப்பித்துவிடும். எந்த மூதாதை என்ன பட்டம் வாங்கியது, அந்த ரத்தம் இந்தக் குட்டிக்குள் எத்தனை பங்கு, ஆகவே இது வளர்ந்தால் என்னென்ன பட்டம் வாங்கும் என்று ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுக் கொடுக்கும். எப்படியும் வாங்கப்போகிற பட்டம்தானே, குட்டியை எதற்குக் காக்க வைக்க வேண்டும் என்று பதிவகத்துக்கு இரக்கம் பிறந்தது. கண் திறக்காத குட்டிகளுக்கெல்லாம் சாம்பியன் பட்டம் அச்சடித்துக் கொடுத்தோம். போட்டிகள் நின்றன. பழைய மைதானத்தில் இப்போது கார் நிறுத்துகிறோம்.

ஊர் சும்மா இருக்குமா? அடுக்குமாடிச் சங்கங்கள் கூடி, தொண்ணூறு புள்ளிக்குக் குறைந்த நாய் எதுவும் லிஃப்டில் ஏறக்கூடாது என்று விதி போட்டன. கல்யாணத் தரகர்கள் இரண்டு பேர் என் அறைக்கு வந்து, இந்தக் கருவி மனிதர்களுக்கும் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு எதற்குக் கருவி என்று எனக்குப் புரியவில்லை. இதே வேலையைத்தான் அவர்கள் வெறுங்கையாலேயே காலங்காலமாகச் செய்துவருகிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சுகந்தி வந்தார். முப்பது வயதிருக்கும். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் பால்வெள்ளையில் ஒரு ராஜபாளையம். குழந்தையின் இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. அவர் கைப்பேசியை என் முன் வைத்தார்.

"இதப் பாத்துப் பேசுங்க சார். எனக்குக் காது கேக்காது. நீங்க பேசறது எழுத்தா வந்துரும்."

அவர் கதையை அவரே சுருக்கமாகச் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் மூளைக்காய்ச்சல். பிழைத்தார், காது போயிற்று. உள்காது எலும்பு இறுகிவிட்டதால் கருவி எதையும் பொருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கணவர் கடலில் காற்றாலை வேலையில் இருக்கிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். பதினோராவது மாடி வீட்டில் அவரும் குழந்தை இயலும் மட்டும். குழந்தை அழுதால் அதிரும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிப் பார்த்தார். அது பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சித் தொடரில் யாராவது அழுதாலும் அதிர்ந்தது. தொடரில் யாரும் அழாத நேரம் என்று ஒன்று இல்லாததால் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டார். பிறகுதான் நாய் வாங்கினார். காது கேட்கிற ஒரு ஜீவன் வீட்டில் இருந்தால் குழந்தை அழும்போது வந்து சொல்லும் என்பது அவர் கணக்கு.

போன புதன்கிழமை குழந்தையின் கை தொட்டில் கம்பிக்குள் சிக்கிக்கொண்டது. அவர் சமையலறையில் இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது குழந்தை அழுது அழுது குரல் போய், கை நீலமாக வீங்கிக் கிடந்தது. தொட்டிலுக்கு அடியில் நாய் உறங்கிக்கொண்டிருந்தது.

"இதுல என்னதான் எழுதியிருக்குன்னு சொல்லுங்க சார்" என்று சான்றிதழை நீட்டினார்.

எனக்கு இது கைவந்த கலை. நாயின் பெயர் மகா சாம்பியன் பேரூர் அரிமாவின் வெண்சுடர் மூன்றாமவன். வீட்டில் சுடர். தொண்ணூற்றெட்டுப் புள்ளி. இடது பக்கம் மேலே தந்தை, கீழே தாய், அப்படியே வலது பக்கம் போகப் போகத் தாத்தா பாட்டிகள் என்று காட்டினேன். ஐந்து தலைமுறைப் பட்டியலில் சாம்பியன் அரிமா என்ற பெயர் மட்டும் பதினேழு இடத்தில் இருந்தது. அரிமா செத்து இருபது வருடம் ஆகிறது. உறைய வைத்த வித்திலிருந்து இன்னமும் தந்தையாகிக்கொண்டே இருக்கிறான். தன் மகளுக்கும் பேத்திக்கும் அவனே மாப்பிள்ளை. இதைத்தான் நாங்கள் தூய்மை என்று சொல்வது.

"பேருக்கு முன்னாடி இத்தன இருக்குதுங்களே, அதெல்லாம் என்ன?"

"முன்னாடி இருக்கறது எல்லாம் தோற்றத்துக்குக் கொடுத்தது அம்மிணி. பேருக்குப் பின்னாடி வர்றதுதான் வேலைக்குக் கொடுக்கற பட்டம்."

அவர் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்த்தார். "பின்னாடி ஒண்ணுமே இல்லீங்களே."

உயர்ந்த குலத்து நாய் வேலை செய்யாது என்று நான் சிரித்தேன். முப்பது வருடமாக எல்லோரும் சேர்ந்து சிரிக்கும் இடம் அது. அவர் சிரிக்கவில்லை. அதனால் நான் அவசரமாக அதன் பெருமைக்கு வந்தேன். நிலைகுலையாமை: இருபதுக்கு இருபது. எந்த ஆரவாரத்திலும் பதறாது. அழைப்பு மணிக்குக் குரைக்காது. கூப்பிட்டதும் வாலாட்டிக்கொண்டு ஓடி வருகிற கீழ்க்குணம் கிடையாது.

சுகந்தி எழுத்துகளை ஒருமுறை படித்தார். சுடரைப் பார்த்தார். அது என் முகத்தையும் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், அது நிலைகுலையாமை இல்லீங்க. அதுக்குக் காது கேக்கல."

நான் மறுத்தேன். நூறு வருடப் பாரம்பரியம், பதினான்கு தலைமுறை என்று ஏதேதோ சொன்னேன்.

"எனக்குத் தெரியும் சார். நானும் இப்படித்தான் நிக்கறேன். மூஞ்சியப் பாத்துக்கிட்டு, கையப் பாத்துக்கிட்டு. எங்க மாமியார் வூட்ல எனக்கு இப்ப ரொம்ப நல்ல பேரு. என்ன சொன்னாலும் பதறவே மாட்டேங்கறா, அத்தனை பொறுமைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காங்க."

சுடர் கீழே படுத்துக் கண்ணை மூடியது. நான் என் டிபன் கேரியரின் மூடியை எடுத்து அதன் தலைக்குப் பின்னால் தரையில் வீசினேன். குழந்தை வீறிட்டது. மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மகா சாம்பியன் ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் அந்த மைதானத்தில் நடந்த கண்காட்சியின் நடுவர் நான். அன்று பக்கத்துத் தெருவில் ஏதோ கட்சி ஊர்வலம். பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்டார்கள். அறுபது நாய்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஒன்று மட்டும் சிலைபோல நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவல்லவா வீரம் என்று நிலைகுலையாமை என்று ஒரு புதுத் தலைப்பே எழுதி, இருபதுக்கு இருபது போட்டேன். அந்த நாய்தான் அரிமா. வெள்ளை நாய்களில் சிலது காது கேளாமல் பிறக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு முறை அதன் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்திருக்கலாம். கண் கலங்கியதால் மறந்துவிட்டேன்.

மூன்றாவது மாடியில் பதிவுக்காக வந்த குட்டிகள் இருக்கும். மூடியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். சுகந்தியும் வந்தார். இருபத்துமூன்று குட்டிகள். மூடியைத் தரையில் அடித்தேன். இருபத்திரண்டு குட்டிகள் தங்கள் குலப்பெருமை குலையாமல் விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் துள்ளி விழுந்து தண்ணீர்த் தொட்டிக்குள் போய், நனைந்தபடி எழுந்து வந்து மூடியை மோந்து பார்த்தது.

அதன் அட்டையை எடுத்துப் படித்தேன். ஐம்பத்தெட்டுப் புள்ளி. தாய்வழித் தாத்தா: தெரியவில்லை. யாரோ ஒரு தெரு நாயகன் மதில் ஏறிக் குதித்திருக்கிறான். நிலைகுலையாமை: பூஜ்யம். கீழே சிவப்பு முத்திரை: நீக்கம், சனிக்கிழமை. நீக்கம் என்றால் பட்டியலிலிருந்து நீக்குவது என்று வெளியே சொல்வோம். உண்மையில் அது ஓர் ஊசி.

சுகந்தி குட்டியைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "இதக் குடுங்க சார்" என்றார். ஐம்பத்தெட்டுப் புள்ளி நாயை லிஃப்டில் ஏற்ற மாட்டார்கள், சங்கம் அபராதம் போட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லும் என்று விளக்கினேன். அவர் கைப்பேசியைப் பார்த்து எல்லாவற்றையும் படித்தார். பிறகும் குட்டியைக் கீழே விடவில்லை.

மறுநாள் நிர்வாகக் குழுவில் எழுந்து நின்று, நம் இனத்துக்குக் காது கேட்கவில்லை, அதற்குக் காரணம் நான் என்று சொன்னேன். தலைவர் கோதண்டபாணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவர் வீட்டில் மூன்று மகா சாம்பியன்கள்.

"காது கேக்காட்டி என்னங்க மாசிலாமணி? குரைக்கறதில்ல, பதறறதில்ல, அபார்ட்மெண்ட்காரங்க நிம்மதியா இருக்காங்க. வாசல்ல அரிமாவுக்குச் சிலை வெச்சிருக்கோம். அத நீங்களே போய் உடைக்கறீங்களா?"

பிறகு குழு ஒருமனதாக இன இலக்கணத்தைத் திருத்தியது. 'காது: அலங்காரத்துக்குரியது. ஓசைக்கு அசைவது குறை' என்று ஒரு வரி சேர்த்தார்கள். என் கருத்து குறிப்பில் பதியப்படும் என்றார்கள். டீ வந்தது.

அவமானத்தில் எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை பழைய விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்ததுதான். அங்கே இரண்டு விதிகளை நீக்க மறந்திருந்தார்கள். ஒன்று, வாசிப்பாளர் விரும்பினால் எந்தக் குட்டியையும் மறுவாசிப்புக்காக இருபத்தொரு நாள் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். இரண்டு, வேலைப் பட்டத்தை மட்டும் வம்சமானி கொடுக்க முடியாது. எந்த மூதாதையும் வேலை பார்த்ததாகத் தரவு இல்லாததால் அதற்குக் கணக்குப் போடத் தெரியாது. உண்மையான போட்டி நடக்க வேண்டும், ஒரு நடுவர் வேண்டும், எதிர்த்துக் குறைந்தது மூன்று நாய்கள் வேண்டும். ஜெயித்தால் நாற்பது புள்ளி. என் நடுவர் உரிமம் இன்னும் உயிரோடு இருந்தது. ஐம்பத்தெட்டும் நாற்பதும் தொண்ணூற்றெட்டு.

அன்றிலிருந்து சுகந்தி தினமும் காலையில் குழந்தையோடு என் அறைக்கு வந்தார். குட்டிக்குக் கொய்யா என்று பெயர் வைத்தார். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. இயல் அழ வேண்டும், கொய்யா போய் சுகந்தியின் துப்பட்டாவைப் பிடித்து இழுக்க வேண்டும், இழுத்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு. நாலாம் நாளே அதற்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு குழந்தை சிரித்தால் கொய்யாவின் முகம் தொங்கிப்போகும்.

இருபதாம் நாள் கார் நிறுத்துமிடத்தில் போட்டி வைத்தேன். பட்டத்தின் பெயர் கூர்ஞ்செவி. எதிர்ப் போட்டியாளர்களுக்கு எங்கே போவேன்? சுடர் ஒன்று. பாரம்பரிய விழா, புகைப்படக்காரர் வருவார் என்று சொன்னதும் கோதண்டபாணி தன் மகா சாம்பியன்களில் இரண்டை வெள்ளிச் சங்கிலியோடு கூட்டிவந்தார். விதி சுலபம். குழந்தை வண்டியைத் தூணுக்கு அந்தப் பக்கம், சுகந்தியின் கண்ணுக்குப் படாத இடத்தில் நிறுத்துவோம். குழந்தை அழுத ஒரு நிமிடத்துக்குள் அவரைக் கூட்டிவரும் நாய்க்குப் பட்டம். மொத்தம் பதினைந்து நிமிடம். அதற்குள் யாரும் கூட்டி வராவிட்டால் போட்டி செல்லாது, மறுநாள் ஊசி.

அன்று பார்த்து இயல் அழவில்லை. பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்பதுபோல வண்டியில் படுத்துக் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. நடுவர் என்பதால் நான் கிள்ளிவிடக்கூட முடியாது. சுகந்தி தூணுக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நேரம் போவது மட்டும்தான் தெரியும். அவர் விரல்கள் துப்பட்டாவின் முனையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தன.

பதின்மூன்றாவது நிமிடத்தில் கோதண்டபாணிக்கு அலுத்துவிட்டது. புகைப்படத்துக்குக் குழந்தையோடு நின்றால் எடுப்பாக இருக்கும் என்று வண்டியை நெருங்கி, இயலைத் தூக்கி, மீசையைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சினார். குழந்தை ஊரே கேட்கும்படி கத்தியது. கொய்யா காருக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்து சுகந்தியின் துப்பட்டாவைக் கவ்வி, பின்னாலேயே நடந்து இழுத்தது. சுகந்தி திரும்பி ஓடிவந்து தலைவரின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். சுடர் தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. வெள்ளிச் சங்கிலிக்காரர்கள் இருவரும் வெயிலில் மல்லாந்து கிடந்தார்கள்.

நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பேரூர் அரிமாவின் கொய்யா, கூர்ஞ்செவி. அன்று மாலை கொய்யா லிஃப்டில் ஏறி பதினோராவது மாடிக்குப் போனது. செய்த தப்பில் கொஞ்சத்தையாவது அடைத்துவிட்டேன் என்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதுவும் இரண்டு வாரம்தான்.

வம்சமானிக்குத் தரவு கிடைத்துவிட்டதல்லவா? வரலாற்றில் முதல்முறையாக ஒரு நாய் வேலைப் பட்டம் வாங்கியிருக்கிறது. அந்த நாயின் ரத்தம் முக்கால் பங்கு அரிமாவுடையது. மாநிலத்தில் பதிவான எல்லா நாய்களும் அரிமாவின் பிள்ளைகள். ஆகவே கொய்யாவின் நாற்பதில் முக்கால் பங்கு, அதாவது முப்பது புள்ளி, அரிமாவின் ஒவ்வொரு சொந்தக்கார நாய்க்கும் உரியது. இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் பட்டம். கருவி ஒரே காலையில் பதினோராயிரம் காது கேளாத நாய்களுக்குக் கூர்ஞ்செவிப் பட்டம் கொடுத்தது. எந்தப் பிழையும் இல்லாத கணக்கு. அதைச் சரிபார்த்தவனும் நான்தான்.

கோதண்டபாணி இனிப்புக் கொடுத்தார். இப்போது முன்னாலும் பட்டம், பின்னாலும் பட்டம் என்றார். இந்தப் பட்டங்களை ரத்து செய்யச் சொல்லிக் குழுவுக்கு மூன்று கடிதம் எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவது, உரிய படிவத்தில் எழுதவில்லை என்று திரும்பி வந்தது. எனக்குக் கௌரவம் செய்வதாக நினைத்து, போட்டிப் படிவத்திலிருந்த என் கையெழுத்தைப் பிரதி எடுத்து எல்லாச் சான்றிதழிலும் அச்சடித்தார்கள்.

சுகந்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'சார், எங்க அபார்ட்மெண்ட்ல எல்லா நாய்க்கும் இப்ப கூர்ஞ்செவி. கூப்பிட்டா வர்றது கொய்யா மட்டுந்தான். அதனால அது கலப்புன்னு பேசிக்கறாங்க. பாப்பா நல்லா இருக்கா.' அதைப் படித்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் சிரித்த ஞாபகம் இல்லை.

நேற்று பிற்பகல் ஒருவர் வந்தார். பெயர் சடையப்பன், பீளமேட்டில் தையல் கடை. கையில் புதுச் சான்றிதழ், மடிப்புக் கலையாத உறை. என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை வாயால் கேட்டுவிட்டால் திருப்தி என்றார். அவருடைய மகளுக்கு ஏழு வயது, பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடத்துக்கு அவிநாசி ரோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். இத்தனை நாள் கடையைப் பூட்டிவிட்டு அவரே கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்.

"வண்டி வந்தா இது நிறுத்திருமில்லீங்களா? கூர்ஞ்செவின்னு போட்டிருக்குதுங்களே."

நான் வாசிக்கவில்லை. இந்த நாய்க்குக் காது கேட்காது என்று சொன்னேன். அவர் நம்பாமல் சிரித்தார். சான்றிதழை என் பக்கம் திருப்பி, கீழே விரல் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துத்தானுங்களே?"

ஆமாம் என்றேன். அப்போதுதான் அவர் காலடியைப் பார்த்தேன். சான்றிதழ் மட்டும்தான் கொண்டுவந்திருந்தார்.

"நாய் எங்கீங்க?"

"பாப்பாகூடத்தாங்க. இன்னிக்குக் காலைலதான் மொதல் தடவையா ரெண்டையும் தனியா அனுப்பிச்சேன். ஸ்கூல் வாட்ச்மேன் கட்டி வெச்சுக்கறேன்னாரு. சாயங்காலம் அதுவே கூட்டிட்டு வந்துரும்."

பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டேன். நாலு மணிக்கு என்றார். வண்டியை எடுங்கள் என்று கத்திக்கொண்டே நான் வெளியே ஓடினேன். நாலு ஆவதற்கு ஆறு நிமிடம் இருந்தது.